பதிவில்லாத கட்டாயம்

(செட்டிகுளத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏற்பாட்டுக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'கட்டாய இராணுவ சேவை: நன்மைகளும் தீமைகளும்'. பாடசாலை விவாதப் போட்டிக்கு அருமையான தலைப்பு. ஒழுக்கம் வளரும் என்று ஓர் அணி சொல்லும். சுதந்திரம் போய்விடும் என்று மற்ற அணி சொல்லும். நடுவர் மணியடிப்பார். வேறு ஊர்களில் அப்படிப் பேசி முடிக்கலாம். செட்டிகுளத்தில் முடியாது.

2009இல் இதே பிரதேச செயலகப் பிரிவில், மெனிக் பாமில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முட்கம்பிக்குள் இருந்தது. இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று வலயங்களுக்குத் தமிழ்ப் பெரியோரின் பெயர்களை வைத்தார்கள். சனம் அவற்றைப் பெரிதாக எடுக்கவில்லை. 'சோன் ரூ', 'சோன் ஃபோர்' என்றுதான் சொன்னது. 2012 செப்டெம்பரில் முகாமை மூடினார்கள். அந்தக் கூடாரங்களில் இருந்த குடும்பங்களில் எத்தனையோ, மனமில்லாமல் ஒரு படைக்குப் பிள்ளையைக் கொடுத்த குடும்பங்கள். அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நின்றுகொண்டு, கட்டாய சேவை வந்தால் என்ன ஆகும் என்று நான் கற்பனை செய்து பேசினால் அது மரியாதைக் குறைவு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை அரசு தன் குடிமக்களை ஒருபோதும் கட்டாயமாகப் படையில் சேர்த்ததில்லை. 1949இல் இராணுவம் உருவான நாளிலிருந்து அது சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களின் படை. ஆனாலும் ஆசை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். 2011 மே மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். முதலாவது தொகுதியில் சுமார் 10,000 பேர். 2021 ஜனவரியில் அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் சரத் வீரசேகர, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். இளைஞர்களுக்கு ஒழுக்கம் வரவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். அந்த யோசனை அப்படியே கிடக்கிறது. என்றாவது ஒருநாள் மறுபடி யாராவது தூசு தட்டுவார்கள்.

அரசு செய்யாததை நமக்கு வேறு ஆட்கள் செய்தார்கள். அதுவும் ஒருமுறை அல்ல.

முதலாவது 1989. இந்திய அமைதிப்படை இங்கே இருந்த காலம். வரதராஜப்பெருமாள் முதலமைச்சராக இருந்த வடக்கு-கிழக்கு மாகாண ஆட்சி, இந்தியப் படை போனபின் தனக்கு ஒரு படை வேண்டும் என்று நினைத்தது. ஈ.பி.ஆர்.எல்.எவ்.வும் அதனோடு நின்ற இயக்கங்களும் பஸ்ஸிலிருந்தும் ரியூசன் வாசலிலிருந்தும் விளையாட்டு மைதானத்திலிருந்தும் பொடியளைப் பிடித்துக்கொண்டு போயின. சில கிழமைப் பயிற்சி, கையில் ஒரு துவக்கு, தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒரு பெயர். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினார். அந்தப் பொடியளை ஏற்ற ஒரு கப்பலும் வரவில்லை. அதற்கு முன்பே அந்தப் படை சிதறியிருந்தது. பலர் கொல்லப்பட்டார்கள், பலர் சரணடைந்தார்கள். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள். 'அந்த நேரம் ரோட்டால போகேலாது' என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது விடுதலைப் புலிகளின் ஆட்சேர்ப்பு. கிழக்கில் அது முதலே கடுமையாக நடந்தது. 1998 மே மாதம் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வந்தபோது, 17 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2003 முதல் 2008 முடிவு வரை 6,000க்கும் மேற்பட்ட சிறுவர் சேர்க்கைகளை யுனிசெப் பதிவு செய்திருக்கிறது. வாக்கும் பதிவும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. பிரிந்துபோன கருணா குழுவும் 2006இல் மட்டக்களப்பில், அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே, பிள்ளைகளைப் பிடித்தது. அரச படைகளில் சிலர் அதற்கு உடந்தை என்று ஐ.நா. ஆலோசகர் அலன் ரொக் அந்த ஆண்டு நவம்பரிலேயே சொன்னார்.

வன்னிப் பெருநிலத்தில் 2006 ஓகஸ்ட்டில் சண்டை மறுபடி தொடங்கியபின் வந்ததுதான் புலிகளின் 'வீட்டுக்கொருவர்': ஒவ்வொரு வீடும் இயக்கத்துக்கு ஒருவரைக் கொடுக்க வேண்டும். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கட்டாய சேவைக்கு உலகத்தில் சொல்லப்படும் காரணங்களில் மிகப் பலமானது ஒழுக்கமும் அல்ல, உடற்பயிற்சியும் அல்ல. சமத்துவம்தான். விரும்பினவர் சேரலாம் என்று விட்டால் யார் சேருகிறார்? இல்லாதவன் சேருகிறான். இலங்கை இராணுவத்தையே பாருங்கள். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் மொனராகலையிலும் வயலும் வேலையும் போதாத வீடுகளின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் முன்னரங்கில் நின்றார்கள். கொழும்பில் போர் வேண்டும் என்று எழுதியவர்களின் பிள்ளைகள் நின்றதாக நான் கேள்விப்படவில்லை. விரும்பிச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் படையிலிருந்து தப்பி ஓடியவர்கள் பல பத்தாயிரம் பேர். அவர்களுக்கு எத்தனை முறை பொதுமன்னிப்பு அறிவித்தார்கள் என்பதை நாங்களே வானொலியில் கேட்டோம். வறுமை பிடித்துத் தள்ளினால் அதுவும் ஒரு கட்டாயந்தானே.

இதே நியாயம் வன்னியிலும் பேசப்பட்டது. 'இரண்டு பேரைக் கொடுத்த வீடும் இருக்கு, ஒருவரையும் கொடுக்காத வீடும் இருக்கு. போராட்டம் எல்லாருக்கும் பொதுவெண்டால் சுமையும் பொதுவாக இருக்க வேண்டாமா?' கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்தபோது பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்தவர்களை எனக்குத் தெரியும். கேள்வி நியாயமானது என்பதால்தான் தலை குனிந்தார்கள். இன்றும் அதை நான் சின்னதாக எடுக்கமாட்டேன்.

நடந்தது என்ன? சுமை பொதுவாகவில்லை. வெளிநாட்டில் ஆளும் கையில் காசும் உள்ளவர்கள் பாதை பூட்டுமுன்னரே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் வன்னியை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும்: சேர்க்கும் வயதில் இருப்பவருக்குப் பாஸ் இல்லை, வைத்தியத்துக்கு வவுனியா போகிறவர் வீட்டில் ஒருவரைப் பிணையாக விட்டுப் போக வேண்டும். பிறந்த ஆண்டைச் சொல்லி அழைத்தார்கள். வராத பிள்ளைக்காகத் தகப்பனைக் கொண்டுபோய் வேலையில் விட்டார்கள். மலைநாட்டிலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு வெளிநாட்டு உறவும் இல்லை, உள்ளூரில் சொல்லிக்கேட்க ஆளும் இல்லை. அந்தக் குடியேற்றங்களில் விழுந்த அடியை, பொதுவாகத் 'தமிழர்கள்' என்று சொல்லிக்கொண்டு போகும் எழுத்துகளில் தேடினாலும் காணமுடியாது.

பெற்றோர் கண்டுபிடித்த ஒரே தப்பும் வழி கலியாணம். கட்டினவர்களை எடுப்பதில்லை என்று ஒரு வழக்கம் இருந்ததால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தாலி ஏறியது. நான் படிப்பித்த காலத்தில் சனிக்கிழமை மாணவியாக இருந்தவள் திங்கட்கிழமை குடும்பப் பெண். வருகைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்று எங்களுக்கே தெரியவில்லை. பிறகு கட்டினவர்களையும் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு வீட்டுக்கு ஒருவர் என்பதும் போய், பெரிய குடும்பம் என்றால் இரண்டு பேர். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2008 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது உள்ளது. 2006இல் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைப் புலிகளே வெளியிட்டு, 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்ப்பதைத் தடுத்திருந்தார்கள். 2009 மார்ச்சில் வலைஞர்மடம் தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்த இளம்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனபோது, அந்தச் சட்டப் புத்தகம் எந்தப் பங்கருக்குள் கிடந்ததோ.

கொண்டுபோன பிள்ளையின் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். தப்பி வந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மறுபக்கத்தில் இராணுவத்தின் எறிகணை. வீட்டில் ஒளித்தால் இயக்கம், வெளியில் விட்டால் செல். அந்த மாதங்களில் பதினெட்டு வயதுப் பிள்ளை உள்ள ஒரு தாய் எதை யோசித்திருப்பாள் என்பதைத் தூரத்திலிருந்து தீர்ப்பெழுதுகிறவர்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் கட்டாயம் என்பதே எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. சுவிட்சர்லாந்துக்கு அகதியாகப் போன நம்மவர்களின் பிள்ளைகளில் அந்த நாட்டுப் பிரசாவுரிமை பெற்ற ஆண்களுக்கு இராணுவ அழைப்புக் கடிதம் வருகிறது. அண்ணனை இயக்கத்துக்குக் கொடுக்காமல் கொண்டோடிய அதே குடும்பத்தில், மகன் சுவிஸ் சீருடையில் நிற்கும் படத்தைச் சித்தப்பா பெருமையாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் சொல்கிறேன். எவ்வளவு காலம் என்று இருக்கிறது. மனச்சாட்சி இடம் தராவிட்டால் 1996இலிருந்து சிவில் சேவைக்குப் போகலாம். காலம் ஒன்றரை மடங்கு. செய்யாதவர் வரி கட்டுகிறார். அநியாயம் நடந்தால் முறையிட இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இது வேண்டுமா என்று 2013 செப்டெம்பரில் சனத்திடமே வாக்குக் கேட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருக்கட்டும் என்றார்கள். அழைக்கிற கை கட்டப்பட்டிருக்கிறது. அழைக்கப்படுகிறவனுக்கு அது தெரியும்.

கை கட்டப்படாத இடத்தில் சட்டம் இருந்தும் பயனில்லை. எரித்திரியாவில் சட்டப்படி தேசிய சேவை 18 மாதம். 1998இல் எத்தியோப்பியாவுடன் மூண்ட சண்டைக்குப் பிறகு அது முடிவேயில்லாத சேவையாகி, ஒரு தலைமுறை கடல் கடந்து ஓடியது. மியன்மாரில் 2010இலிருந்து உறங்கிய சட்டத்தை இராணுவ ஆட்சி 2024 பெப்ரவரியில் எழுப்பியது: 18 முதல் 35 வயது ஆண்கள். செய்தி வந்த கிழமையிலேயே யங்கூனில் தாய்லாந்துத் தூதரகத்தின் முன் இளைஞர் வரிசை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு 2006இல் பாஸ் அலுவலகத்தின் முன் நின்ற வரிசைதான் நினைவுக்கு வந்தது.

இலங்கையில் சட்டப்படியே கொண்டுவந்தால் என்ன என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நான் எதிர்ப்பேன். காரணம் இந்த நாட்டின் தன்மையில் இருக்கிறது.

சிங்கப்பூரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1967இல் சட்டம், ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, சீனர், மலாயர், தமிழர் ஒரே படுக்கை வரிசையில் தூங்கி ஒரு தேசமானார்கள் என்பது கதை. கதையில் உண்மை உண்டு. ஆனால் தொடக்க காலத்தில் மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் அழைக்காமலே விட்டார்கள் என்பதும் அதே கதையின் பக்கம்தான். அண்டை நாட்டோடு சண்டை வந்தால் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்ற சந்தேகம். சேவை முடித்தவனைத்தான் வேலைக்கு எடுப்போம் என்ற முதலாளிகளிடம் அந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். இஸ்ரேல் தன் அரபுக் குடிமக்களில் பெரும்பாலோரை அழைப்பதில்லை. பல இனம் வாழும் நாட்டில் கட்டாய சேவை வந்தால், ஓர் இனத்தை நம்பாமல் வெளியே விட வேண்டும். அல்லது நம்பாமலே உள்ளே எடுக்க வேண்டும். இரண்டில் எது நமக்கு நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். 1955இல் இந்த நாட்டு இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் அன்டன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். அந்த இராணுவம் இருந்திருந்தால் வேறு பேச்சுப் பேசியிருக்கலாம். இப்போது இருப்பது அது அல்ல.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 29ஆவது சமவாயம், 1930இல் வந்தது. கட்டாய இராணுவ சேவைக்கு அது விலக்குக் கொடுக்கிறது, ஆனால் வேலை முழுக்க முழுக்க இராணுவ வேலையாக இருந்தால் மட்டும். நம்முடைய படை என்ன வேலை செய்கிறது? தோட்டம் செய்கிறது, மரக்கறி விற்கிறது, ஹோட்டல் நடத்துகிறது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பண்ணையும் முன்பள்ளியும் நடத்துகிறது. இப்படியான அமைப்புக்குள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்பினால், அவர்கள் எதிரியைக் காண்பதற்கு முன் கத்தரித் தோட்டத்தைத்தான் காண்பார்கள். அதுவும் போக, இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. குறைக்கிற படைக்குக் கட்டாய ஆள் எதற்கு?

இனி, இன்று நான் வந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

2009இல் சனம் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள்? 'இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதியுங்கள்.' மெனிக் பாமுக்குள்ளும் அதையே சொன்னார்கள். ஒரு நாள் இருந்தவனும் பத்து ஆண்டு இருந்தவனும் ஒரே வரிசை. விரும்பிப் போனவனும் தூக்கிக்கொண்டு போகப்பட்டவனும் ஒரே வரிசை. சுமார் 12,000 பேர் தடுப்புக்குப் போய்ப் புனர்வாழ்வு பெற்று வந்தார்கள். அவர்களில் 594 பேரைச் சிறுவர் என்று பிரித்தார்கள். அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக நடத்தி ஓராண்டுக்குள் வீட்டுக்கு விட்டார்கள். அது சரியானதுதான். ஆனால் பதினெட்டு வயதும் இரண்டு மாதமும் ஆன பிள்ளை? அவனையும் அதே வாகனத்தில்தான் ஏற்றிப் போயிருந்தார்கள், அதே அழுகையோடு. அவனுக்குப் பாதிக்கப்பட்டவன் என்ற பெயர் இல்லை. 'தடுப்பால வந்தவர்' என்ற பெயர்தான். வேலைக்குப் போனாலும் கலியாணம் பேசினாலும் புலனாய்வு வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெயர் முன்னால் போகும். சர்வதேசச் சட்டமும் இதில் அரைக்கண்தான் திறந்திருக்கிறது. 15 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்ப்பது போர்க்குற்றம் என்று ரோம் சாசனம் தெளிவாகச் சொல்கிறது. வளர்ந்தவரைப் பற்றி அப்படித் தனியாக ஒரு வரி இல்லை. 2015இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை வளர்ந்தோர் கடத்திச் சேர்க்கப்பட்டதற்கும் இடம் ஒதுக்கியது.

அரசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இறங்குவது எனக்குச் சுலபம். கைதட்டும் கிடைக்கும். நாங்கள் என்ன செய்கிறோம்? பிடித்துக்கொண்டு போய் மூன்றாம் கிழமையில் செத்த பிள்ளைக்கும் மாவீரர் நாளான நவம்பர் 27இல் தாய் விளக்கேற்றுகிறாள். ஏற்றட்டும், அது அவளுடைய உரிமை. யாரும் அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் 'என்ர பிள்ளை விரும்பிப் போகேல்லை' என்று அவள் அந்த இடத்தில் வாய்திறந்து சொல்ல நாம் விட்டிருக்கிறோமா? தண்டிக்க வேண்டும் என்பதால் அரசுக்கு அவன் விரும்பிப் போனவனாக இருக்க வேண்டும். பெருமைப்பட வேண்டும் என்பதால் நமக்கும் அவன் விரும்பிப் போனவனாக இருக்க வேண்டும். ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. 1989இல் பிடிபட்டவர்களுக்கு அந்த விளக்கும் இல்லை. துரோகிகளின் கணக்கில் எழுதி மூடிவிட்டோம்.

காணாமற்போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. இழப்பீட்டு அலுவலகம் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அந்த அலுவலகங்கள் மேல் நம் தாய்மாருக்கு நம்பிக்கையில்லை என்பதை, 2017 பெப்ரவரியிலிருந்து காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அவர்கள் வவுனியா வீதியோரத்தில் போட்டிருக்கும் போராட்டக் கொட்டிலே சொல்லும். அந்த அலுவலகங்களின் படிவம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

ஏற்பாட்டுக் குழுவிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுப் பணத்தில் என்னைப் போல ஒருவரைக் கூப்பிட்டு மாலை போடாதீர்கள். செட்டிகுளத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும், கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாக்குமூலங்களை எழுதி எடுங்கள். எந்த ஆண்டு, எந்த வயது, எங்கே வைத்து, எந்த அமைப்பு, எத்தனை நாள் பயிற்சி, பிறகு என்ன ஆனது என்று. பிடிபடாமல் இருக்கத் தாலி கட்டிய பெண்களையும் கேளுங்கள்; பதிவில்லாத அந்தக் கலியாணங்களால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இன்றும் சிக்கலில் இருக்கிறது, அதற்கு ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆளின் பெயர் வெளியே வரக்கூடாது. இயக்கங்களின் பெயரில் ஒன்றையும் மறைக்கவும் கூடாது, 1989உம் சேர்த்து. பாடசாலைப் பதிவேடுகளில் பாதி முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. மிஞ்சியவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஓய்வுபெற்ற அதிபர்களுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் அவர்களைப் போகவிடப் போவதில்லை.